முதலில் வார், பிறகு கத்தி

சவரக்கத்தியை முதல்முறை கையில் எடுக்கிறவர் யாராக இருந்தாலும் நினைப்பு நேராகக் குரல்வளைக்குத்தான் போகும். சினிமா நம்மை அப்படிப் பழக்கி வைத்திருக்கிறது. நாற்காலியில் ஒருவர் கண்மூடிச் சாய்ந்திருப்பார். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி, கன்னம் முழுக்க நுரை. பின்னால் வந்து நிற்பது யார் என்று அவருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

ஆனால், கத்தி பழகத் தொடங்கிப் பாதியில் விட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். கழுத்து வெட்டுப்பட்ட கதையை அநேகமாக யாரும் சொல்ல மாட்டார்கள். “முதல் வாரம் நல்லாத்தான் இருந்தது, அப்புறம் இழுக்க ஆரம்பிச்சிடுச்சு” என்பார்கள். அதுதான் உண்மையான சிக்கல். கத்தி மழுங்குகிறது. மழுங்கிய கத்தி முடியை வெட்டாமல் பிடித்து இழுக்கிறது. இழுப்பதால் கை தானாக அழுத்துகிறது. அழுத்தத் தொடங்கியதும் தோல் சிவந்து எரிகிறது. பிறகு ஒருநாள் கத்தி பீரோவுக்குள் போய்விடுகிறது, ஐந்து பிளேடு வைத்த பிளாஸ்டிக் ரேசர் திரும்பி வருகிறது.

கன்னத்தில் கத்தியை ஓட்டச் சில வாரங்களில் கை பழகிவிடும். அந்தக் கத்தியைக் கூர் குறையாமல் வைத்திருப்பதைக் கற்கத்தான் மாதங்கள் ஆகும். கற்றுக்கொடுக்கிறேன் என்று கிளம்பும் வீடியோக்கள் பலவும் நுரையையும் கன்னத்தையும் காட்டும் அளவுக்குக் கத்தி தீட்டும் வாரைக் காட்டுவதில்லை.

ஒரு காலத்தில் இதையெல்லாம் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தவர்கள் இருந்தார்கள். 1769-ல் பாரிஸ் நகரத்துக் கத்தி செய்பவர் ழான் ழாக் பெர்ரே, தனக்குத்தானே சவரம் செய்துகொள்ளக் கற்பது எப்படி என்று ஒரு புத்தகமே எழுதினார். கத்தியில் மரக் காப்பு ஒன்றைப் பொருத்தி, வெட்டு ஆழமாக விழாமல் தடுக்கும் வழியையும் சொன்னார். கத்தி விற்கிற மனிதர், வாங்குகிறவருக்கு அதைப் பிடிக்கத் தெரியவில்லை என்று கண்டு பேனா பிடித்திருக்கிறார். இன்றைய விற்பனையாளர்கள் பின்பற்றவேண்டிய வழக்கம்!

பெர்ரேவின் காலத்தில் நல்ல கத்திக்கு இங்கிலாந்தின் ஷெஃபீல்டைத்தான் பார்த்தார்கள். 1740-களில் அங்கே பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரம் செய்பவர், மூசை எனும் உருக்குக் கலத்தில் எஃகை முழுவதும் உருக்கி வார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். கசடு இல்லாத, சீரான எஃகு கிடைத்தது. சவரக்கத்தியின் வாயில் ஒரு துளி கசடு இருந்தாலும் அந்த இடத்தில் கூர் நிற்காது என்பதால், இந்தத் தொழிலுக்கு அது பெரிய வரம். அடுத்த நூற்றாண்டில் ஜெர்மனியின் சோலிங்கன் முந்தியது. கத்தியின் இரண்டு பக்கமும் உட்குழிவாகச் சாணை பிடித்து, வாயருகே தகடு வளையும் அளவுக்கு மெலிதாக்கினார்கள். அந்தக் கத்தி முடியை அறுக்கும்போது சன்னமாக ஒரு ஒலி எழும்பும். 1938-லிருந்து ‘சோலிங்கன்’ என்ற பெயருக்கே ஜெர்மனியில் சட்டப் பாதுகாப்பு உண்டு. வேறு ஊரில் செய்த கத்தியில் அந்தப் பெயரைப் பொறிக்க முடியாது.

இந்தக் கதையில் நம் ஊருக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. மூசையில் எஃகு ஆக்கும் வித்தை தென்னிந்தியாவில் ஹன்ட்ஸ்மனுக்கு நூற்றாண்டுகள் முன்பே இருந்தது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலிலும், பழைய தென்னார்க்காட்டு மேல்சிறுவலூரிலும் அதற்கான தடயங்கள் கிடைத்திருக்கின்றன. ஐரோப்பியர்கள் ‘வூட்ஸ்’ என்று அழைத்த இந்த இந்திய எஃகின் மாதிரிகள் 1790-களில் லண்டன் ராயல் சொசைட்டிக்குப் போயின. லண்டன் ஸ்ட்ராண்ட் தெருவில் கத்திக்கடை வைத்திருந்த ஜேம்ஸ் ஸ்டோடர்ட், சவரக்கத்தியும் அறுவைசிகிச்சைக் கருவிகளும் செய்ய ஐரோப்பாவின் தலைசிறந்த எஃகைவிட இந்த இந்திய எஃகே மேல் என்று தன் கடையின் விளம்பர அட்டையிலேயே அச்சிட்டிருந்தார். அவரோடு சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்தவர் மைக்கேல் ஃபாரடே. மின்சார ஆராய்ச்சியால் உலகப் புகழ் பெற்ற அதே ஃபாரடேதான். 1820-ல் இருவரும் அந்தச் சோதனைகளை வெளியிட்டார்கள். தாங்கள் உருக்கிய கலவை எஃகில் செய்த சவரக்கத்திகளை ஃபாரடே நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுத்தார்.

இன்னொரு கண்ணியும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்த ஜோசியா மார்ஷல் ஹீத், 1830-களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தினார். சேலத்துக் கனிமம் அங்கே உருகியது. பிறகு அவர் இங்கிலாந்து திரும்பி ஷெஃபீல்டில் வேலை செய்தார். எஃகில் மாங்கனீஸ் கலவையைச் சேர்க்கும் முறைக்கு 1839-ல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்ட் முதலாளிகள் அந்த முறையால் கொழித்தார்கள். ஹீத்துக்குக் கிடைத்தது நீண்ட நீதிமன்ற வழக்கு. பரங்கிப்பேட்டை என்றதும் நண்டும் மீனும் மட்டும் நினைவுக்கு வருகிறவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

இவ்வளவு பாடுபட்டு ஆக்கிய எஃகும் தினமும் தீட்டினால்தான் நிற்கும். கிங் கேம்ப் ஜில்லெட் கைவைத்தது அங்கேதான். 1903-ல் அவருடைய கம்பெனி விற்றது 51 ரேசர், 168 பிளேடு. அடுத்த ஆண்டே ரேசர் விற்பனை 90,000-ஐத் தாண்டியது. முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்துக்கு 35 லட்சம் ரேசர் போனது. அவர் விளம்பரத்தில் பெரிதாகப் போட்ட வாக்குறுதியைக் கவனியுங்கள்: வாரில் தீட்ட வேண்டாம், கல்லில் தேய்க்க வேண்டாம். அவர் விற்றது பாதுகாப்பை மட்டுமல்ல, தீட்டுகிற வேலையிலிருந்து விடுதலையையும் சேர்த்துத்தான். இன்று சவரக்கத்தியை எடுக்கிறவர், ஜில்லெட் இறக்கி வைத்த அந்தச் சுமையைத் தெரிந்தே திரும்பத் தூக்குகிறார். இதை ஒப்புக்கொண்டு ஆரம்பித்தால் பாதி ஏமாற்றம் குறையும்.

நம் ஊரில் கத்தி போனதற்குக் காரணம் வேறு. முடிதிருத்துபவர் தன் கருவிப் பையான அடப்பத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக வந்த காலத்திலும், பிறகு கண்ணாடி மாட்டிய சலூன் வந்த காலத்திலும், ஒரே கத்திதான் ஊர் முகம் முழுக்க ஓடியது. உள்ளங்கையில் நாலு தீட்டு, வாரில் நாலு தீட்டு, அடுத்த ஆள். இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986-ல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. அதையடுத்து வந்த விழிப்புணர்வுப் பிரசாரம் சலூன் நாற்காலி வரைக்கும் எட்டியது. “பிளேடு மாத்திட்டீங்களா?” என்று கேட்காமல் யாரும் முகத்தைக் கொடுப்பதில்லை. பிளேடை இரண்டாக ஒடித்துப் பாதியை மாட்டும் கத்தி வந்தது, பழைய கத்தி மேஜை டிராயருக்குள் போனது. எச்.ஐ.வி.யைவிட எளிதாகக் கத்திவழி பரவக்கூடியவை ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள். ஆக, அந்த மாற்றம் சரியான மாற்றம்தான். பழமையின் மேல் உள்ள மோகத்தில் சலூனில் போய்ப் பழைய கத்தியால் மழிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். பழைய கத்திக்குரிய இடம் ஒரே ஆள் பயன்படுத்தும் வீட்டுக் கண்ணாடி முன்னால் மட்டும்தான்.

இன்னொன்றையும் சொல்லாமல் நகர முடியாது. இன்று பொழுதுபோக்காக நாம் வாங்குகிற இந்தக் கத்தி, தமிழ்நாட்டில் ஒரு சமூகத்தின் மேல் சாதியாக எழுதி ஒட்டப்பட்டிருந்தது. அதே சமூகத்து ஆண்கள் கட்டி கீறினார்கள், வைத்தியம் பார்த்தார்கள். பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். அந்தச் சமூகத்துக்கு மருத்துவர் என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். ஊருக்கே பிள்ளை பெறவைத்த கைக்குக் களத்துமேட்டில் நெல் அளந்து கொடுத்தார்கள், திண்ணையில் இடம் கொடுக்கவில்லை. அந்தக் கத்தியும் எல்லா முகத்தையும் தொட அனுமதிக்கப்படவில்லை. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் ஓர் ஆங்கிலேய முடிதிருத்துபவர் தனக்கு முடிவெட்ட மறுத்ததைக் காந்தி சுயசரிதையில் எழுதுகிறார். மெஷின் வாங்கித் தானே வெட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போக, எலி கடித்துவிட்டதா என்று நண்பர்கள் சிரித்திருக்கிறார்கள். காந்திக்கு அந்த முடிதிருத்துபவர்மேல் கோபம் வரவில்லை. நம் ஊரில் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கிய மக்களுக்கு முடிவெட்ட நாம் விடுகிறோமா என்ற கேள்விதான் வந்தது.

இனி, கற்கிற வழிக்கு வருவோம்.

கத்தி வாங்கும்போது விலை குறைவாக, பளபளவென்று, டிராகன் படமெல்லாம் பொறித்து வருவதைத் தொடாதீர்கள். சரியாகப் பதம் ஏற்றாத இரும்பில் எந்தக் கல்லும் கூரைக் கொண்டுவராது. அது அலங்காரப் பொருள். கத்தியின் அகலத்தை அங்குலத்தில் எட்டில் எத்தனை பங்கு என்று சொல்வது வழக்கம். புதியவருக்கு எட்டில் ஐந்து அல்லது ஆறு பங்கு அகலம் போதும். நுனி கூர்மையாக இல்லாமல் உருண்டையாக இருக்கட்டும், காது மடலையும் மூக்கோரத்தையும் அது காப்பாற்றும். முக்கியமாக, கம்பெனியிலிருந்து நேராக வரும் கத்தி பல நேரம் சவரத்துக்குத் தயாராக இருக்காது. கல்லில் இழைத்துக் கூர் ஏற்றித் தருகிறார்களா என்று கேட்டு வாங்குங்கள். முதல் கத்தியிலேயே கல் வேலையைக் கற்கப் போனால் கத்தியும் போகும், பொறுமையும் போகும்.

கத்தி வந்ததும் முகத்துக்குப் போகாதீர்கள். வாருக்குப் போங்கள்.

வார் என்பது ஒரு தோல் பட்டை, கூடவே ஒரு துணிப் பட்டை. ஒரு முனையைக் கொக்கியில் மாட்டி, மறுமுனையை இடது கையால் விறைப்பாக இழுத்துப் பிடிக்க வேண்டும். தொய்வு விட்டால் கத்தியின் வாய் உருண்டுவிடும். கத்தியைப் படுக்க வையுங்கள். முதுகும் வாயும் ஒரே சமயத்தில் தோலைத் தொட வேண்டும். முதுகு முன்னால் போகிறது, வாய் பின்னால் தொடர்கிறது. கல்லில் செய்வதற்கு நேர் எதிர் இது. கோடிக்கு வந்ததும் கத்தியைத் திருப்ப வேண்டும். புதியவர்கள் கெடுப்பது இந்த இடத்தில்தான். முதுகை வாரிலிருந்து எடுக்காமல், அதையே அச்சாக வைத்து, வாய் மட்டும் மேலே எழுந்து மறுபக்கம் விழும்படி புரட்ட வேண்டும். வாயை அச்சாக வைத்துப் புரட்டினால் ஒரே நொடியில் தோலில் பிளவு விழும், கூரும் போய்விடும். கையை மணிக்கட்டில் மடக்காதீர்கள். கத்தியின் கழுத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பென்சில் உருட்டுவதுபோல உருட்டினால் போதும்.

துணியில் இருபது முப்பது தடவை, தோலில் ஐம்பது அறுபது தடவை. போய்வருவது ஒரு கணக்கு. சலூன்காரர் ‘பட் பட்’டென்று அடித்த வேகம் பல வருஷத்துக் கை. நீங்கள் மெதுவாகப் போங்கள், அழுத்தமே வேண்டாம், கத்தியின் கனமே போதும். ரொட்டியில் வெண்ணெய் தடவும் மழுங்கல் கத்தியை வைத்து இந்தப் புரட்டலை முதலில் பழகுவது நல்ல யோசனை. டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம். சவரக்கத்தி கையில் இருக்கும்போது டிவி வேண்டாம்.

இந்தத் தீட்டல் ஏன் தேவை என்பதற்கு 2020-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு பாதி விடை சொல்கிறது. ஜியான்லூகா ரோசியோலி என்ற மாணவர் சாதாரண ரேசரால் தன் முகத்தையே மழித்துவிட்டு, பிளேடை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். முடி எஃகைவிட ஏறக்குறைய 50 மடங்கு மென்மையானது. ஆனாலும் அது எஃகில் சில்லு பெயர்க்கிறது. முடி சாய்வாக வந்து மோதுவதும், வாயில் எஃகு சீரில்லாத இடத்தில் மோதுவதும் அதற்குக் காரணங்கள். ஹன்ட்ஸ்மன் எதற்காகக் கசடை நீக்கினார் என்பது இந்த மைக்ராஸ்கோப்பில் இன்னொரு முறை தெரிகிறது. வார், நுண்ணிய அளவில் வளைந்த வாயை நேராக்கி, படிந்த அழுக்கைத் துடைக்கும். பெயர்ந்த சில்லுக்கு அதனிடம் மருந்தில்லை. அதற்குத்தான் கல்.

கன்னத்துக்கு வரும்போது பாதி வேலை தண்ணீருடையது. குளித்து முடித்ததும் செய்வது நல்லது. இல்லையென்றால் வெந்நீரில் நனைத்த துண்டைச் சில நிமிடம் முகத்தில் போடுங்கள். நீரை உறிஞ்சிய முடி எளிதாக அறுபடும். சோப்பைப் பிரஷில் குழைத்து ஈரமான நுரையாக்குங்கள். டப்பாவிலிருந்து பீய்ச்சும் நுரை பார்க்க அழகு, கத்திக்கு வழுக்கல் தராது.

பிடி இப்படி: நடு மூன்று விரல்கள் கத்தியின் கழுத்தின் மேல், சுண்டுவிரல் வாலில், கட்டைவிரல் அடியில். கத்தி தோலோடு சுமார் 30 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். கணக்கு வேண்டாம் என்றால், தோலுக்கும் கத்தியின் முதுகுக்கும் நடுவே முதுகின் தடிமனைப் போல இரண்டு மடங்கு இடைவெளி. நிமிர்த்தினால் வெட்டும், ரொம்பச் சாய்த்தால் இழுக்கும். மற்றக் கையின் வேலையைக் குறைத்து நினைக்க வேண்டாம். கிருதாவுக்கு மேலே விரலை வைத்துத் தோலை மேலே இழுத்துப் பிடித்தால்தான் கத்தி ஓட ஒரு தட்டையான தளம் கிடைக்கும். கத்தியை முடி சாய்ந்திருக்கும் பக்கமாக, குட்டிக் குட்டி இழுப்பாக இறக்குங்கள். எக்காரணம் கொண்டும் வாயின் நீளவாக்கில் கத்தியை நகர்த்தக் கூடாது. காய்கறி அரிவது அந்த அசைவில்தான், தோல் அறுபடுவதும் அந்த அசைவில்தான்.

முதல் வாரம் கன்னங்கள் மட்டும். மிச்சத்தை வழக்கமான ரேசரால் முடித்துக்கொள்ளுங்கள், இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. பிறகு தாடை ஓரம், அதன்பின் கழுத்து, கடைசியாக மோவாயும் மேலுதடும். கழுத்தில் முடி ஒரே திசையில் வளராது. இரண்டு நாள் வளரவிட்டு விரலால் தடவி, எந்தப் பக்கம் சொரசொரக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எதிர்ச் சவரத்தை ஆரம்பத்தில் மறந்துவிடுங்கள். சுருள்முடிக்காரர்களுக்கு அது கட்டிகளைத்தான் கொடுக்கும்.

முடிந்ததும் படிகாரக் கல்லை ஈரமாக்கி முகம் முழுவதும் தேயுங்கள். அந்தக் கல்லைவிட நேர்மையான வாத்தியார் கிடையாது. எங்கே எரிகிறதோ அங்கே அழுத்தியிருக்கிறீர்கள். முகம் எரியாத நாளில் உங்கள் கை தேறிவிட்டது. எல்லா இடமும் எரிந்தால் கையைக் குறை சொல்லாதீர்கள், வாருக்குத் திரும்புங்கள்.

வார் பிடித்தும் கத்தி இழுக்கத் தொடங்கும் நாள் சில மாதங்களில் வரும். அப்போது கல். 1000, 4000, 8000, 12000 என்று எண் ஏற ஏறக் கல் நைஸாகும். பெல்ஜியத்தின் ஆர்டென் மலையில் எடுக்கும் மஞ்சள் கல்லுக்கு இதில் தனி மவுசு. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து கற்கவேண்டிய வேறொரு பாடம் அது. முதல் வருடம் தெரிந்தவரிடம் கொடுத்துத் தீட்டி வாங்குவதே புத்திசாலித்தனம். தெருவில் சைக்கிள் சாணைக்காரரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அவர் அரிவாள்மணைக்குக் கெட்டிக்காரர். சவரக்கத்தியின் வாய் அந்தச் சக்கரத்தில் ஒரு நிமிடம் தாங்காது.

பெரும்பாலான நல்ல கத்திகள் துருப்பிடிக்கும் கார்பன் எஃகு. சென்னை, தூத்துக்குடி உப்புக்காற்றில் ஒரே இரவில் புள்ளி விழும். துடைத்துக் காயவைத்து, ஒரு துளி தையல் மிஷின் எண்ணெய் தடவி வையுங்கள். குளியலறையில் வைக்காதீர்கள், குழந்தைகளுக்கு எட்டும் இடத்திலும் வைக்காதீர்கள். கை நழுவினால் பிடிக்கப் போகாமல் விழவிட்டு, பின்னால் நகருங்கள். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக விடமாட்டார்கள்.

பாதி பிளேடு கத்தியில் பழகினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: பழகலாம். சில நூறு ரூபாயில் கோணமும் கைப்பிடியும் பிடிபடும், இந்த வித்தை நமக்குப் பிடிக்கிறதா என்றும் தெரிந்துவிடும். மழுங்கியதும் தூக்கிப் போடுகிற பிளேடு என்பதால் வார் வேலை மட்டும் அதில் வராது. எத்தனையோ பேருக்கு அந்த இடத்தில் நிறுத்திக்கொள்வதே நல்லது என்பது என் தீர்ப்பு. காலையில் எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்கிறவருக்கும், கை நடுக்கம் உள்ளவருக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் சவரக்கத்தி வேண்டாம். பணம் மிச்சமாகும் என்ற கணக்கும் வேண்டாம். கத்தி, வார், கல் எல்லாம் வாங்கிய பணத்துக்குச் சாதாரண பிளேடு பல வருஷம் வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை தீராதவர்கள், உங்கள் பகுதியில் அந்தக் காலத்துக் கத்தியைப் புழங்கிய வயதான சலூன்காரர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், வார் பிடிக்கச் சொல்லிக் கேளுங்கள். வீடியோவில் பத்து முறை பார்த்தும் பிடிபடாத அந்தப் புரட்டல், அவர் உங்கள் மணிக்கட்டைப் பிடித்து ஒரு தடவை திருத்தினால் பிடிபடும். அவருடைய அந்த நேரத்துக்குரிய கூலியை மறக்காமல் கொடுத்துவிட்டு வாருங்கள்.